கேத்தி மட்டேயா தேடிப்போன நிலக்கரிப் பாட்டுகள்

கன்ட்ரி பாடகி கேத்தி மட்டேயாவுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டு எதையும் அவர் எழுதவில்லை. 1986-இல் அவரை முதன்முதலாகப் கன்ட்ரி பாட்டுப் பட்டியலின் முதல் பத்துக்குள் கொண்டுவந்தது நான்சி கிரிஃபித்தின் பாட்டு. 1988-இல் அமெரிக்க கன்ட்ரி வானொலிகளில் முதலிடத்துக்குப் போன ‘எய்ட்டீன் வீல்ஸ் அண்ட் எ டஸன் ரோஸஸ்’ வேறு இருவர் எழுதியது. ஓய்வு பெறப்போகிற லாரி ஓட்டுநர் ஒருவர் கடைசி நடையை முடித்துவிட்டு மனைவியிடம் திரும்பும் கதை அது. கன்ட்ரி இசையில் இப்படிப் பிறர் பாட்டைப் பாடுவது குறைச்சலான காரியமில்லை. நாஷ்வில் நகரத்தில் பாட்டெழுதுபவர்கள் ஒரு கூட்டம், பாடுபவர்கள் ஒரு கூட்டம், நடுவில் பாட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஒரு கூட்டம். பாடகர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம், இது வேண்டும்.

அந்த ‘இது வேண்டும்’ என்று சொல்கிற காதுதான் மட்டேயாவின் சொத்து. அவர் பெரிய லேபிளை விட்டு வெளியே வந்த கதையை நான் இங்கே எழுத ஆசைப்படுவதும் அந்தக் காதுக்காகத்தான். லேபிள் இருந்தவரை அந்தக் காது பாதி வேலைதான் செய்தது என்பது என் கட்சி.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிறந்தது 1959-இல், மேற்கு வர்ஜீனியாவில். வளர்ந்தது தலைநகரான சார்ல்ஸ்டனை அடுத்த கிராஸ் லேன்ஸ். அப்பா வழித் தாத்தா, அம்மா வழித் தாத்தா இருவருமே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அம்மா சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கல்லூரியில் ப்ளூகிராஸ் குழு ஒன்றில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த பெண், 1978-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாஷ்வில்லுக்குப் போனார். அங்கே கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலை. 1983-இல் மெர்க்குரி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகு நான்கு பாட்டுகள் முதலிடத்தில் உட்கார்ந்தன. 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது வாங்கினார்.

அந்தக் காலத்திலேயே அவருடைய காது எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு பாட்டு சாட்சி: ‘வேர்வ் யூ பீன்’. அவருடைய கணவராக இருந்த ஜான் வெஸ்னர், டான் ஹென்றியோடு சேர்ந்து எழுதியது. வெஸ்னரின் தாத்தாவும் பாட்டியும் ஒரே மருத்துவமனையில், தனித்தனி அறைகளில் கிடந்தார்கள். பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது, யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. தாத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளிடம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவரைப் பார்த்ததும் அவள் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. மெதுவான, முதுமையையும் மறதியையும் பற்றிய பாட்டு. கார் ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்களுக்காக நிகழ்ச்சி நடத்தும் வானொலிக்கு இது ஒத்துவராது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் பத்தாவது இடம் வரை ஏறியது, கிராமி விருதும் வாங்கியது.

இப்படி நழுவி உள்ளே புகுந்துவிடுகிற பாட்டுகளுக்கு இருந்த சந்து பொந்தெல்லாம் தொண்ணூறுகளில் அடைபட்டுப் போயின. அதற்குக் காரணம் ரசனை மாறியது மட்டுமில்லை, சட்டமும்தான். 1996 வரை அமெரிக்கா முழுவதும் ஒரு நிறுவனம் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வருடம் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200 நிலையங்கள். எந்தப் பாட்டை எத்தனை முறை போடுவது என்பது ஊருக்கு ஊர் அறிவிப்பாளர்கள் தீர்மானிக்கிற விஷயமாக இருந்தது போய், தலைமை அலுவலகத்துப் பட்டியலாக ஆனது. மட்டேயா இருந்த அதே மெர்க்குரியிலிருந்து 1997-இல் ஷானியா ட்வைனின் ‘கம் ஆன் ஓவர்’ வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. ஷானியாவின் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது, நல்ல பாட்டுகள்தான். ஆனால் அப்படி ஒரு வசூல் வந்த பிறகு, முதுமையைப் பற்றிய மெல்லிய பாட்டோடு வருகிற நாற்பது வயதுப் பாடகிக்கு ஒரு பெரிய லேபிளுக்குள் என்ன இடம் இருக்கும்? 2000-இல் வந்த ‘தி இன்னசென்ட் இயர்ஸ்’தான் மெர்க்குரியில் அவருடைய கடைசி ஆல்பம்.

பெரிய லேபிள் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவுக்கு முன்பணம் அவர்கள் தருவார்கள். அந்தப் பணம் பாடகரின் ராயல்டியிலிருந்து பிடித்தம் ஆகும். பதிவின் உரிமை பெரும்பாலும் லேபிளுக்கே. பதிலுக்குப் பாடகருக்குக் கிடைப்பது வானொலி நிலையங்களின் கதவைத் தட்டுகிற ஒரு படை. அந்தப் படை தட்டுவதற்கு ஏற்ற மாதிரி ஒரு ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டாவது இருந்தாக வேண்டும். ஆக, ஒவ்வொரு பாட்டையும் கேட்கும்போது பாடகரின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வானொலிக்காரரும் உட்கார்ந்திருப்பார். மட்டேயா 17 வருடம் அவரோடு சேர்ந்துதான் பாட்டு கேட்டார்.

வெளியே வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடவில்லை. நராடா என்ற சிறிய லேபிளில் 2002-இல் ‘ரோஸஸ்’, 2005-இல் ‘ரைட் அவுட் ஆஃப் நோவேர்’, இடையில் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம். கெல்டிக் சாயலோடு, நேர்த்தியாக, பதமாகச் செய்யப்பட்டவை. நான் அவற்றை அடிக்கடி எடுத்துக் கேட்பதில்லை. விடுதலை கிடைத்துவிட்டது, எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்பதுபோல் அவை ஒலிக்கின்றன.

முடிவு செய்தது ஒரு விபத்து.

2006 ஜனவரி 2, காலை. மேற்கு வர்ஜீனியாவில் சேகோ என்ற சுரங்கத்தில் வெடிப்பு. 13 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். குடும்பத்தார் பக்கத்திலிருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தில் காத்திருந்தார்கள். மறுநாள் நள்ளிரவை ஒட்டி, 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தேவாலய மணி அடித்தது. ஜனங்கள் அழுது, பாடி, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து வந்து சொன்னார்கள்: உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். மற்ற 12 பேரும் போய்விட்டார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்பு அல்ல, உள்ளே பரவிய கார்பன் மோனாக்சைடு.

மட்டேயாவுக்கு இது இரண்டாவது தடவை. 1968 நவம்பரில், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அதே மாநிலத்தின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்தார்கள். தீ அணையாததால், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே பத்து நாள் கழித்துச் சுரங்கத்தின் வாயை அடைத்தார்கள். 19 பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. சேகோ செய்தி வந்தபோது அந்த ஒன்பது வயதுத் துக்கம் மீண்டும் மேலே வந்துவிட்டதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் சுரங்கப் பாட்டுகளைத் தேட ஆரம்பித்தார்.

2008 ஏப்ரலில் ‘கோல்’ வெளிவந்தது. நிலக்கரி. ஒற்றைச் சொல் தலைப்பு. வெளியிட்டது கேப்டன் பொட்டேட்டோ என்ற அவருடைய சொந்த லேபிள். தயாரித்தவர் மார்ட்டி ஸ்டுவர்ட்: பதின்மூன்று வயதில் லெஸ்டர் ஃபிளாட்டின் குழுவில் மாண்டலின் வாசிக்கப் போய், பின்னர் ஜானி கேஷின் குழுவிலும் வாசித்தவர். பழைய மலைப்பாட்டு எது, மலைப்பாட்டு மாதிரி ஜோடனை செய்தது எது என்று பிரித்துச் சொல்ல இவரைவிடத் தகுந்த ஆள் நாஷ்வில்லில் அதிகம் இல்லை. ஸ்டுவர்ட் டங்கனின் ஃபிடில், பைரன் ஹவுஸின் பாஸ், மட்டேயாவோடு நெடுங்காலமாகவே வாசித்துவரும் பில் கூலியின் கிட்டார். பளபளப்பு எதுவும் பூசவில்லை. வானொலிக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

பதினோரு தடங்கள். எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தால் அதுவே ஒரு தனிச் சரித்திரம். முதல் பாட்டு, சுரங்கம் மூடியதால் லூயிவில்-நாஷ்வில் ரயில் இனிமேல் நிற்காத ஓர் ஊரைப் பற்றியது. எழுதியவர் ஜீன் ரிச்சி, கென்டக்கி மலையில் வைப்பர் என்ற ஊரில் பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இதைத் தன் பெயரில் வெளியிடாமல் ‘தான் ஹால்’ என்று தாத்தாவின் பெயரில் வெளியிட்டார். அரசியல் வாடை அடிக்கிற பாட்டு அம்மாவுக்குச் சங்கடம் தரக்கூடாது என்பது ஒரு காரணம். இதையெல்லாம் ஒரு ஆண் எழுதியதாக இருந்தால்தான் காது கொடுப்பார்கள் என்பது இன்னொன்று. மட்டேயா அந்தப் பாட்டைத் தூக்கி ஆல்பத்தின் வாசலில் வைத்திருக்கிறார்.

அடுத்து பில்லி எட் வீலர். மேற்கு வர்ஜீனியாவின் பூன் மாவட்டத்துக்காரர். ஜானி கேஷும் ஜூன் கார்ட்டரும் பாடிய ‘ஜாக்சன்’ பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் என்றால் பலருக்குத் தெரிந்துவிடும். இவருடைய பாட்டுகள் மட்டும் இந்த ஆல்பத்தில் மூன்று. அதில் ‘கோல் டாட்டூ’ சுரங்கத்துக்குள் போனவன் உடம்பைப் பற்றியது. பாறை சரிந்து தோல் கிழியும்போது காயத்துக்குள் கரித்தூள் போய்விடும். காயம் ஆறினாலும் உள்ளே போன தூள் அப்படியே தங்கி, நெற்றியிலோ முழங்கையிலோ தலையோரத்திலோ நீலப் பச்சையாக நிற்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. வேலை போய், சங்கம் போய், சுரங்கமும் மூடிய பிறகும் அந்த நீலக்கோடு மட்டும் ஆளோடு இருக்கும். டங்கனின் ஃபிடில் இந்தப் பாட்டில் கோபமாகவே ஒலிக்கிறது.

சை கான் எழுதிய ‘லாரன்ஸ் ஜோன்ஸ்’ ஒரு நிஜ மனிதனைப் பற்றியது. 1974-இல் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் புரூக்சைட் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் கேட்டுப் போராடியபோது சுட்டுக்கொல்லப்பட்ட இளைஞன் லாரன்ஸ் ஜோன்ஸ். அந்தப் போராட்டத்தை உள்ளேயிருந்து படம் பிடித்த பார்பரா கோப்பிளின் ‘ஹார்லன் கவுன்ட்டி, யுஎஸ்ஏ’ ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்தில் பின்னணியில் ஒரு பெண் குரல் கேட்கும், தட்டையாக, ஆணி அடிப்பதுபோல. ஹேஸல் டிக்கன்ஸ் குரல்.

மட்டேயாவின் ஆல்பம் முடிவதும் ஹேஸலின் பாட்டில்தான். ‘பிளாக் லங்’.

ஹேஸல் மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் மாவட்டத்தில் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த பெரிய குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக பால்டிமோர் போய்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன் தர்மன், நுரையீரலில் கரித்தூள் படிந்து இறுகிப்போகிற நோயால் இறந்தார். பார்த்துக்கொண்டிருந்த தங்கை எழுதிய பாட்டு அது. மட்டேயா இதைப் பாடும்போது எந்தக் கருவியும் கிடையாது. கிட்டார் இல்லை, பின்பாட்டு இல்லை, சுருதிகூட யாரும் பிடிக்கவில்லை. அவர் குரலில் இயல்பாகவே ஒரு வெதுவெதுப்பு உண்டு. எண்பதுகளில் அதுதான் ஜனங்களுக்குப் பிடித்தது. இங்கே அந்த வெதுவெதுப்பை அவர் வெளியே விடவே இல்லை. சொல்லை நீட்டவில்லை, சங்கதி போடவில்லை, எந்த இடத்திலும் கேட்கிறவர் மனம் இளக வேண்டுமென்று குரலைக் குழைக்கவில்லை. மூச்சு எடுக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. மூச்சு கிடைக்காமல் செத்தவனைப் பற்றிய பாட்டில் பாடுகிறவரின் மூச்சு கேட்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பாட்டை ஒரு பெரிய லேபிளின் கூட்ட அறையில் போட்டுக்காட்டியிருந்தால்? அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான், சிலர் அழுதுகூட இருப்பார்கள். அழுது முடித்துவிட்டு, வேறு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

இது பழங்கதை என்று யாராவது நினைத்தால், ஒரு தகவல். ஃபார்மிங்டனுக்குப் பிறகு, 1969-இல், மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இந்த நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அதே வருடம் மத்திய அரசும் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து தூசிக்கு வரம்பு வைத்தது. நோய் குறைந்தது. பிறகு திரும்பி வந்தது. 2018-இல் அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம், வர்ஜீனியாவின் மூன்றே கிளினிக்குகளில் 2013-க்கும் 2017-க்கும் இடையே இந்த நோயின் மிக மோசமான வடிவத்தில் 416 பேரைக் கண்டதாக வெளியிட்டது. தடித்த நிலக்கரிப் படிவங்கள் தீர்ந்துபோனதால் மெல்லிய படிவங்களை எடுக்கிறார்கள்; அதற்குச் சுற்றியுள்ள பாறையையும் சேர்த்து அறுக்க வேண்டியிருக்கிறது; பாறையின் சிலிக்காத் தூள் கரித்தூளைவிடக் கொடியது. மட்டேயா பாடிப் பத்து வருடம் கழித்து வந்த கணக்கு இது.

‘கோல்’ 2009 கிராமியில் சிறந்த மரபு நாட்டார் ஆல்பத்துக்குப் பரிந்துரை ஆனது. விருது பீட் சீகருக்குப் போனது, ‘அட் 89’ ஆல்பத்துக்காக. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

லேபிளை விட்டுவந்த மூத்த பாடகர் என்றாலே எல்லோரும் ஜானி கேஷ் கதையைத்தான் சொல்வார்கள். கொலம்பியா 1986-இல் அவரைக் கைவிட்டது, பின்னர் தயாரிப்பாளர் ரிக் ரூபின் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார், 1994-இல் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ பிறந்தது. அற்புதமான ஆல்பம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதை ஓர் எதிர்பார்ப்பையும் உண்டாக்கிவிட்டது: யாராவது ஒரு மேதை வந்து மீட்க வேண்டும் என்று. மட்டேயாவை யாரும் மீட்கவில்லை. கையில் பெரிய லேபிள் இல்லாத ஒரு பெண், தன் தாத்தாக்கள் இறங்கிய குழியை நோக்கித் தானாக நடந்து போனார். எனக்கு இந்தக் கதைதான் பெரியது.

நடந்து போனதற்கு விலையும் இருந்தது. ‘கோல்’ பாட்டுகள் அவரைப் பாட்டோடு நிற்கவிடவில்லை. பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல அல் கோர் நடத்திய பயிற்சிக்குப் போனார். மலையின் தலையையே வெடி வைத்துத் தகர்த்து, மண்ணையும் பாறையையும் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஓடைகளில் கொட்டி நிலக்கரி எடுக்கிற முறைக்கு எதிராகப் பேசினார். மேற்கு வர்ஜீனியாவில் இதைப் பேசுவது லேசு கிடையாது. 1950 வாக்கில் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் 1 லட்சத்துக்கு மேல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 20,000-க்கும் கீழேதான். எஞ்சியிருக்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு வீட்டின் அடுப்பு. அந்த வேலைக்கு எதிராகப் பேசுகிறவர் நாஷ்வில்லில் வசிக்கிற பாடகி என்றால் கோபம் வரத்தான் செய்யும். மட்டேயா அந்தக் கோபத்தைப் புறந்தள்ளவில்லை என்பதற்கு 2012-இல் சுகர் ஹில் லேபிளில் வந்த ‘காலிங் மீ ஹோம்’ ஆதாரம். நிலக்கரியே எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. சம்பளம் தந்ததும் நான்தான், ஆளைத் தின்றதும் நான்தான் என்கிற தொனி. தீர்ப்பு எதுவும் சொல்லாமல் பாட்டு முடிகிறது. அதே ஆல்பத்தில் ஜீன் ரிச்சி, ஹேஸல், ஆலிஸ் ஜெரார்ட் ஆகியோரின் பாட்டுகளும் உண்டு. உறைக்குறிப்பு எழுதியவர் நாவலாசிரியர் பார்பரா கிங்சால்வர். ‘கோல்’ அளவுக்கு இறுக்கம் இதில் இல்லை. ஆனால் மரங்களும் பறவைகளும் உள்ளே வந்ததால் கொஞ்சம் காற்றோட்டம் கூடியிருக்கிறது.

அப்புறம் குரலே கைவிடப் பார்த்தது. ஐம்பது வயதைத் தாண்டி, மாதவிடாய் நின்ற காலத்தில், பழகிய இடங்களில் சுருதி நிற்கவில்லை. முப்பது வருடம் மேடையில் பாடிய பாட்டுகள் தொண்டைக்குள் வேறு மாதிரி வந்தன. பாடுவதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். பிறகு ஆசிரியர் ஒருவரிடம் போய் அடிப்படையிலிருந்து மீண்டும் கற்றுக்கொண்டார். பெண் பாடகர்கள் பலருக்கு நேர்கிற இந்த விஷயத்தை மேடையில் வெளிப்படையாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு; மட்டேயா சொன்னார். பில் கூலியோடு வீட்டில் உட்கார்ந்து, பாடவே நினைத்திராத பாட்டுகளையெல்லாம் பாடிப் பார்த்தபோது, கீழ்ஸ்தாயியில் புதிதாக ஓர் இடம் திறந்திருப்பது தெரிந்தது. பாபி ஜென்ட்ரியின் ‘ஓட் டு பில்லி ஜோ’ அங்கே பொருந்தி உட்கார்ந்தது. 2018-இல் டிம் ஓ’பிரையன் தயாரிப்பில் ‘ப்ரிட்டி பேர்ட்’ வந்தது, மறுபடி கேப்டன் பொட்டேட்டோ லேபிளிலேயே. தலைப்புப் பாட்டு ஹேஸல் டிக்கன்ஸ் எழுதியது. அந்தக் காது இன்னும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

2021-இலிருந்து சார்ல்ஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘மவுன்டன் ஸ்டேஜ்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளரும் அவர்தான். 1983-இல், அவர் மெர்க்குரியில் சேர்ந்த அதே வருடம், மேற்கு வர்ஜீனியாவின் பொது வானொலி தொடங்கிய மேடை நிகழ்ச்சி அது. நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. அங்கே எந்த லேபிள் என்று யாரும் கேட்பதில்லை.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ‘வேர்வ் யூ பீன்’ கேளுங்கள், அந்தக் குரலோடு அறிமுகம் ஆகிக்கொள்ள. அடுத்து நேராக ‘கோல்’. அதை நடுவில் தாவாமல் வரிசையாகக் கேளுங்கள், ‘சாலி இன் தி கார்டன்’ என்ற வாத்தியத் துண்டு உட்பட; அதைத் தாண்டித்தான் ஹார்லனைப் பற்றிய இன்னொரு பாட்டும் மெர்ல் டிராவிஸின் பாட்டும் வருகின்றன, அவற்றுக்கு முன் அந்த இளைப்பாறல் தேவை. ‘பிளாக் லங்’ முடிந்ததும் செயலி தானாக அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடும். அதை மட்டும் முன்கூட்டியே நிறுத்தி வைத்துவிடுங்கள்.